தென்னாப்பிரிக்கத் தெருக்களில் நம் வாத்தியங்கள்: டர்பன் முதல் கேப் டவுன் வரை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் நாதசுவரம் கேட்க வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்துக்கு. உறுமியும் உடுக்கையும் காவடிக்கு வெளியே வரும். திருவிழா முடிந்ததும் துணி சுற்றி அலமாரிக்குள் போய்விடும். நம் வாத்தியங்களை ஆசையாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஆண்டில் சில நாட்களைத் தவிர அவர்களுக்கு வாசிக்க இடம் இல்லை. அந்த இடத்தைத் தெருவில் உண்டாக்கிக்கொள்ள முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

"கோயில் வாத்தியத்தைத் தெருவில் வைத்துக் காசு கேட்பதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பின்னால் அதற்கு வருகிறேன். ஆனால் தெரு நமக்குப் புதிதில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாக வந்தவர்கள். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் விடிய விடிய ஆடிய தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபூட் டான்ஸ்' என்பார்கள். திறந்த வெளியில், மண் தரையில், வருகிறவர்கள் எல்லாருக்குமாக நடந்த கலை அது.

தெருவில் வாசிக்க வருகிற எல்லாரும் கடந்து போகிறவர்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்: நிற்பார்களா, காசு போடுவார்களா என்று. கடந்து போகிறவர் பிடிக்காவிட்டால் மூன்று நிமிடத்தில் போய்விடுவார். நீங்கள் அங்கே நீடிப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவர்கள் அந்த இடத்தைவிட்டு நகர முடியாதவர்கள். பாசிமணி விற்கும் அம்மா, தெருவில் நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்ளும் கார் காவலர், காபிக் கடையில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண், மேல்மாடியில் குடியிருப்பவர். வாத்தியம், ஒலி அளவு, பாட்டுப் பட்டியல், நேரம் எல்லாவற்றையும் அவர்களை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதிலிருந்து வருவதுதான்.

முதல் படி: எந்த வாத்தியத்தை எடுத்துப் போவது

நாதசுவரம் ஊர்வலத்துக்காகவே உருவானது. நான்கு வீதி தள்ளியும் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஜோகன்னஸ்பர்க்கின் உயரமான கட்டடங்களுக்கு நடுவே அதை எடுத்தால் சுவர்களில் மோதித் திரும்பும் சத்தம் பக்கத்துக் கடைக்காரரை ஒரு மணி நேரத்தில் எதிரியாக்கிவிடும். அதற்குக் கடற்கரையும் பெரிய பூங்காவும் திருவிழா மைதானமும்தான் சரி. டர்பன் கடற்கரையில் அலையும் காற்றும் பாதிச் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். எஞ்சியது கேட்க இதமாக இருக்கும். மற்ற இடங்களில் நாதசுவரக்காரர்கள் முகவீணை என்ற சின்ன ஊதுகுழலுக்கோ புல்லாங்குழலுக்கோ மாறிக்கொள்வது நல்லது. விரல் பழக்கம் கைகொடுக்கும்.

நாதசுவரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காவிரிக் கரை நாணலில் செய்கிற பொருள் அது. இங்கே கடையில் கிடைக்காது. ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி ஒரு கொத்தாக வாங்கி வையுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலக் காற்று எலும்பாய்க் காய்ந்திருக்கும். டர்பனில் நாள் முழுவதும் ஒத்துழைத்த சீவாளி அங்கே இரண்டு பாட்டுக்குள் வாய் திறந்துகொள்ளும், இல்லையென்றால் பிளந்துவிடும். ஈரப்பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசியுங்கள்.

தவிலைத் தனியாகத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். நாதசுவரத்தோடு, திறந்த வெளியில், ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்றால் மட்டும் போதும். அதன் கனத்தைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் டாக்ஸியில் ஏறுவதும் பெரும்பாடு. தவிலுக்கும் ஒரு இருக்கைக்கான கட்டணம் கொடுத்துவிடுவதாக ஏறும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், சண்டை வராது.

பறை தெருவுக்கென்றே பிறந்தது. கனமில்லை, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், ஆடலாம். ஒரே சிக்கல் தோல். டர்பனின் ஈரக்காற்றில் மாட்டுத்தோல் தளர்ந்து 'தொப் தொப்' என்று ஒலிக்கும். ஊரில் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவோம். இங்கே நடைபாதையில் தீ மூட்டினால் காவலர்கள் வந்து நிற்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சிறிது நேரம் வைத்தால் ஓரளவு இறுகும். அடிக்கடி வாசிப்பவர்கள் ஃபைபர் தோல் பூட்டிய பறை ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது; நாதம் சற்றுக் குறைந்தாலும் மழையிலும் கைவிடாது. நம் வீடுகளில் சிலருக்குப் பறை என்றால் இன்னும் சாவு வீட்டு ஞாபகம்தான். அதை அடித்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளி வைத்ததன் மிச்சம் அது. அந்த மிச்சத்தைக் கரைக்க, நகரத்தின் நடுவில், நல்ல உடையில், தலை நிமிர்ந்து பறை அடிப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

உறுமி, உடுக்கை விஷயத்தில் கவனம் வேண்டும். காவடிக்கும் அம்மன் அழைப்புக்கும் அடிக்கிற அடிகளைத் தெருவில் அடிக்காதீர்கள். நம்மவர்கள் நிறைய வாழும் டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கடைவீதி ஓரத்தில் அந்த அடி விழுந்தால், காய்கறிப் பையோடு போகிற ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிடக்கூடும். அவரைத் தாங்கிப் பிடிக்க அங்கே பூசாரியும் இல்லை, திருநீறும் இல்லை. கும்மி அடிகள், கோலாட்ட அடிகள், சினிமாக் குத்து போதும்.

புல்லாங்குழல் எங்கும் செல்லும். கேப் டவுனில் மட்டும் தென்கிழக்குக் காற்று வாய்த்துளையைக் கடந்து போய் ஸ்வரத்தைத் தின்றுவிடும். முதுகைக் காற்றுக்குக் காட்டி, சுவரோரமாக நில்லுங்கள். மிருதங்கம் நன்றாக எடுபடும், ஆனால் தரையில் உட்கார்ந்து, முன்னால் காசுத் தட்டு வைத்தால் பார்க்கிறவர்கள் கலைஞராக நினைப்பதில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு சிறு பலகை மேடை, அதன்மேல் பாய் அல்லது பட்டுத்துணி. இந்த உயரம் பார்வையையே மாற்றிவிடும். வீணையைத் தெருவுக்கு எடுத்து வராதீர்கள்.

எல்லாரும் மறந்துபோகிற ஒன்று மோர்சிங், வாயில் வைத்து விரலால் சுண்டி வாசிக்கும் சின்ன இரும்பு வாத்தியம். சட்டைப் பையில் அடங்கும், சின்ன மைக்கும் பேட்டரி ஒலிபெருக்கியும் இருந்தால் போதும். ஜூலு மக்களிடம் 'இசிட்டோலோட்டோலோ' என்று இதே குடும்பத்து வாத்தியம் உண்டு. வயதான ஜூலுப் பெண்கள் பலர் சிறுவயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். மோர்சிங் சத்தம் கேட்டு நின்று, சிரித்து, தன் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்களைக் காண்பீர்கள்.

இரண்டாம் படி: எல்லை தாண்டி வாத்தியம் கொண்டு வருவது

இந்தியாவிலிருந்து வாங்கி வருபவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தோல் வாத்தியங்களை விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். பழைய நாதசுவரத்தோடு வரும் தந்த ஊசி, பழைய வீணையின் தந்த வேலைப்பாடு ஆகியவை அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கைக்குள் வரும். உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. மூன்றாவது கஞ்சிரா. மரபாக அதற்குப் போர்த்துவது உடும்புத் தோல், அதுவும் அதே உடன்படிக்கையில் கடுமையாகத் தடுக்கப்பட்டது. ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கஞ்சிராவையே வாங்குங்கள்.

சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த விசாவில் வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. உள்ளூர் நண்பர்களோடு காசுத் தட்டு வைக்காமல் வாசித்து மகிழுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநகராட்சிக்கும் தனித் துணைவிதிகள். கேப் டவுனில் 2007ஆம் ஆண்டின் தெருக்கள், பொது இடங்கள், ஒலித் தொல்லைத் தடுப்பு விதி. டர்பனை ஆளும் ஈத்தெக்வினி மாநகராட்சியில் 2015ஆம் ஆண்டின் பொது இடத் தொல்லைகள் பற்றிய விதி. பேரங்காடி, துறைமுக வளாகம், வாரச்சந்தை ஆகியவை தனியார் இடங்கள்; அங்கே மாநகராட்சி அனுமதி செல்லாது, நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். எது தெரு, எது தனியார் இடம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வளாகங்கள் பல உண்டு. காவலர் சட்டையில் தனியார் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதை வைத்துக் கண்டுகொள்ளுங்கள்.

ஒலி பற்றிய விதிகளில் இரண்டு வகை உண்டு, இதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒன்று அளக்கக்கூடியது: சுற்றுப்புற ஒலியைவிட 7 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கூடினால் அது தொந்தரவான ஒலி. மற்றொன்றுக்கு அளவே இல்லை: ஒருவருடைய அமைதியைக் கெடுத்தாலே அது ஒலித் தொல்லை. ஆகவே நகர முடியாத ஒருவர் முறையிட்டாலே போதும், உங்கள் கையில் மீட்டர் அளவு இருந்தும் பயனில்லை. அந்த ஒருவரை முன்கூட்டியே நண்பராக்கிக்கொள்வதுதான் உண்மையான அனுமதி.

மாநகராட்சிக்குக் கடிதம் எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள்: வாத்தியத்தின் பெயரும் ஒரு படமும், எத்தனை பேர், எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒலிபெருக்கி உண்டா இல்லையா, பாதையை மறிக்காமல் எப்படி நிற்பீர்கள். அரை நிமிடக் காணொளி ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். அலுவலர்களில் பலர் நாதசுவரத்தைப் பார்த்ததே இல்லை. பதில் வந்ததும் அச்சிட்டு, உறையில் போட்டு, வாத்தியப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அதை எப்போதும் கையோடு வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013 ஜூலையில் கேப் டவுனின் செயின்ட் ஜார்ஜ்ஸ் மாலில் பார்வையற்ற கிதார் கலைஞர் ஒருவரை அங்கிருந்து இழுத்து அகற்றினார்கள். அவருடைய கிதார் உடைந்தது. படங்கள் வெளியானதும் நகரமே கொந்தளித்தது. 

பிள்ளைகளை அழைத்துப் போவதானால் கவனம்: 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வருமானத்துக்காக மேடையேற்றத் தொழிலாளர் துறையின் தனி விதிகள் உண்டு. தாளம் போடக் கூட வருவது வேறு, காசுத் தட்டின் பின்னால் நிறுத்துவது வேறு.

நான்காம் படி: இடத்தைப் பார்த்து வருவது

முதல் நாள் வாத்தியம் இல்லாமல் போங்கள். வாசிக்க நினைக்கும் அதே நேரத்தில் போய், ஒரு மணி நேரம் உட்காருங்கள். யார் ஏற்கெனவே வாசிக்கிறார், யாருடைய சரக்கு எங்கே பரப்பியிருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் திரும்புகிறது, நடப்பவர்கள் எங்கே வேகம் குறைக்கிறார்கள் என்று பாருங்கள். வேகம் குறையும் இடம்தான் உங்கள் இடம். படிக்கட்டின் கீழ், ஐஸ்கிரீம் கடைக்குச் சற்றுத் தள்ளி, நிழல் தொடங்கும் இடம் போல. வாசலுக்கு நேராகவோ பணம் எடுக்கும் இயந்திரத்தின் அருகிலோ நிற்கவே வேண்டாம். காவலர்கள் சந்தேகப்படுவார்கள், மக்களும் பயப்படுவார்கள்.

பிறகு பேசுங்கள். வயதில் மூத்த காவலரை 'பாபா' என்றும், விற்பனை செய்யும் பெண்மணியை 'மாமா' (அம்மா என்று பொருள்) என்றும் அழைப்பதுதான் ஜூலு மரியாதை. "சாவுபோனா பாபா" என்று தொடங்கி, நலம் விசாரித்து, அதன் பின்னரே விஷயத்துக்கு வர வேண்டும். நேராக விஷயத்துக்குப் போவது மரியாதைக் குறைவு, நம் ஊரிலும் அப்படித்தானே. கேப் டவுன் பக்கம் கோசா பேசுவோரிடம் 'மோலோ', நன்றிக்கு 'எங்கோசி'. ஆப்பிரிக்கான்ஸ் பேசுவோரிடம் 'டாங்கி'. வாத்தியத்தின் படத்தைக் காட்டி, எவ்வளவு சத்தம் வரும் என்று உண்மையைச் சொல்லுங்கள். "எப்போது வாசித்தால் உங்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இருக்காது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு வசதியில்லாத நேரமாக இருந்தாலும்.

ஏற்கெனவே ஒரு கலைஞர் வாசிக்கும் இடமென்றால் அவருடைய நேரத்தை விட்டு மீதியைக் கேளுங்கள். நீங்கள் வாசிக்கத் தொடங்கும் நாளில் அவருடைய தட்டில் முதலில் நீங்கள் காசு போடுங்கள்.

ஐந்தாம் படி: என்ன வாசிப்பது

பெரியவர்களின் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. கோயிலுக்கென்று ஒதுக்கியவை கோயிலிலேயே இருக்கட்டும். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியைக் குப்பைத் தொட்டிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே வாசிக்காதீர்கள். வாத்தியம் கற்றுத் தந்தவரிடம் பட்டியலைக் காட்டி, "ஐயா, இவற்றை வெளியே வாசிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர் சம்மதித்தால் வீட்டிலும் எதிர்ப்பு தணியும். தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, சிந்து மெட்டுகள், பழைய சினிமா மெட்டுகள் என்று நம்மிடம் குறைவே இல்லை.

ஒவ்வொன்றும் மூன்று, நான்கு நிமிடத்துக்குள் முடியட்டும். ஆலாபனை அரை நிமிடம் போதும். ஆறேழு உருப்படிகள் சேர்ந்து இருபது, இருபத்தைந்து நிமிடம். பிறகு கட்டாயம் இடைவேளை. இந்த இடைவேளை உங்கள் மூச்சுக்காக மட்டும் இல்லை. காபிக் கடைப் பெண்ணின் காதுக்காகவும் சேர்த்துத்தான். ஒரே பட்டியலை ஒரே இடத்தில் இரண்டு சுற்றுக்கு மேல் வாசித்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ராகத் தேர்வில் மோகனம் உங்கள் முதல் துணை. ஐந்தே ஸ்வரம், ஆப்பிரிக்கக் காதுக்கும் ஐரோப்பியக் காதுக்கும் அந்நியமாகப் படாது. ஹம்சத்வனி, சுத்த சாவேரி, சங்கராபரணத்தில் மேற்கத்திய நோட்டு சாயல் கொண்டவை அடுத்தவை. அதன் பின் தைரியமாக ஒரு சிந்துபைரவி அல்லது ஆனந்தபைரவி எடுங்கள். பழகிய இனிமையில் நின்றவர்கள் பழகாத இனிமைக்கும் நிற்பார்கள்.

உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு தெருவில் அடிக்கடி வரும். அப்போது சுருதிதான் சண்டைக்காரன். இங்குள்ள மரிம்பாக் குழுக்கள் (மரப்பலகைகளைக் கோலால் தட்டி வாசிப்பவர்கள்) பெரும்பாலும் சி மேஜரில், அதாவது நம் 1 கட்டை சுருதியில் வாசிப்பவை. இப்போது புழங்கும் பாரி என்ற நீண்ட நாதசுவரம் 2 அல்லது 2½ கட்டை. இரண்டும் சேராது. மரிம்பாவோடு சேர 1, 4, 5 கட்டைப் புல்லாங்குழல்களைப் பையில் வையுங்கள். மஸ்காண்டி என்ற ஜூலு நாட்டுப்புற இசையின் கிதார்க்காரர்கள் தங்கள் குரலுக்கேற்பக் கம்பிகளைக் கூட்டிக்கொள்வார்கள். அவர்கள் வாசிக்கத் தொடங்கிய பிறகு ஷட்ஜத்தைத் தேடிப் பிடியுங்கள். தாளத்தில் மும்மூன்றாகப் போகும் திஸ்ர நடைதான் பாலம். ஜூலு ஆட்டங்களில் ஓடுகிற பன்னிரண்டின் அசைவுக்குள் மிருதங்கத்தின் தகிட தகிட நேராகப் போய் உட்காரும். கேப் டவுனின் உள்ளூர் முரசான கூமாவை வாசிப்பவர் யாராவது கிடைத்தால் பறையோடு சேர்த்துப் பாருங்கள்.

சினிமாப் பாட்டுகளுக்குக் காப்புரிமை உண்டு. பேரங்காடிகளும் விழாக்களும் வழக்கமாக 1961இல் தொடங்கிய சாம்ரோ என்ற இசைக் காப்புரிமை அமைப்பிடம் உரிமம் வைத்திருக்கும். உங்கள் நிகழ்ச்சியும் அதில் அடங்குமா என்று நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: தட்டும் பலகையும்

சின்னப் பலகை ஒன்று எழுதி வையுங்கள்: வாத்தியத்தின் பெயர், எந்த மரம், எந்தத் தோல், 1860 முதல் வந்தவர்களோடு இந்த நாட்டுக்கு வந்தது என்ற ஒரு வரி. ஆங்கிலத்திலும் ஜூலுவிலும். தமிழில் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இன்று தமிழ் படிக்க வராது. ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்து, "இது எங்க தாத்தா எழுத்து" என்று நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த எழுத்து அங்கே இருக்கட்டும்.

தட்டில் தொடக்கத்தில் நீங்களே சில ஐந்து ராண்ட் நாணயங்களும் ஒரு இருபது ராண்ட் நோட்டும் போட்டு வையுங்கள். கோயில் குத்துவிளக்கு, தாம்பாளம், சாமி படம் வைத்த உண்டியல் எதையும் காசு வாங்கப் பயன்படுத்த வேண்டாம். கோயிலுக்கு வசூல் செய்வதாக மக்கள் நினைத்துவிட்டால் அது ஏமாற்று ஆகிவிடும். கையில் பணம் வைத்திருப்போர் குறைந்துவிட்டார்கள், அதனால் ஸ்நாப்ஸ்கேன் அல்லது ஸாப்பர் போன்ற கைபேசிப் பணச் செயலியின் குறியீட்டுக் கட்டத்தை (QR) அச்சிட்டு லேமினேட் செய்து வையுங்கள். வேறு யாரும் தங்கள் கட்டத்தை அதன்மேல் ஒட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பெரிய நோட்டு விழுந்தால் உடனே எடுத்து உள்பையில் வையுங்கள். தெருவில் எண்ணாதீர்கள். இருவராகப் போங்கள், ஒருவர் கண் பெட்டிமேல் இருக்கட்டும். கார் காவலருக்கும் அன்று உதவியவர்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் எண்ணுங்கள், நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்; வரித் துறையின் பார்வையில் இதுவும் வருமானம்தான்.

ஏழாம் படி: ஊர் ஊராக

டர்பனில் ஜூன், ஜூலை மாதங்கள் பொற்காலம். மழை குறைவு, ஈரப்பதம் குறைவு, தோல் வாத்தியம் சொன்ன பேச்சு கேட்கும். யுஷாகா கடல் பூங்கா தொடங்கி வடக்கே ப்ளூ லகூன் வரை நீளும் கடற்கரை நடைபாதையில் காலையில் ஓடுபவர்கள், மாலையில் குடும்பங்கள். ஓடுகிறவர் நின்று கேட்க மாட்டார், மாலையைத் தேர்ந்தெடுங்கள். மணல் சிற்பிகளும், பாசிமணி அலங்காரத்தோடு ரிக்‌ஷா இழுப்பவர்களும் அங்கே உங்களுக்கு மூத்தவர்கள். இடம் அவர்களிடமிருந்து தள்ளி. இதே கடற்கரையில் 1989 வரை எந்த மணலில் எந்த நிறத்தவர் கால் வைக்கலாம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் தள்ளி நின்று பார்த்த இடத்தில் நாதசுவரம் ஒலிப்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் மட்டும் போகாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது. ஃப்ளோரிடா ரோட்டில் உணவகங்களுக்கு மேலேயும் பின்னாலேயும் குடியிருப்புகள். புல்லாங்குழல் மட்டும், சீக்கிரமே முடித்துவிடுங்கள். வார்விக் சந்திப்பில் டாக்ஸிகளின் ஹாரனும் பாட்டும் கலந்து ஒலிக்கும், பறையைத் தவிர எதுவும் கேட்காது. விக்டோரியா தெருச் சந்தைக்குள் மசாலாக் கடைக்காரர்கள் நம்மவர்கள் பலர், அவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் 1993இல் திறந்த காந்தி சிலை இருக்கும் சர்ச் தெரு நடைபாதை நல்ல இடம், வேலை நாட்களின் மதியம்.

ஜோகன்னஸ்பர்க்கில் மக்கள் நடந்து உலாவும் இடங்களில் பெரும்பாலானவை தனியார் வளாகங்கள். ரோஸ்பேங்க், மபோனெங், வாரச்சந்தைகள் எல்லாவற்றிலும் நிர்வாகத்திடம் மின்னஞ்சலில் தொடங்குங்கள். ரோபோக்களில், அதாவது போக்குவரத்து விளக்குகளில் கார்களுக்கு நடுவே வாசிப்பவர்களைப் பார்ப்பீர்கள். சட்டப்படியும் உயிர்ப்படியும் அது வேண்டாம். ஃபோர்ட்ஸ்பர்க்கில் மாலை நேரக் கூட்டம் உணவுக்காக வருவது, மிருதங்கமும் குழலும் எடுபடும். சொவேட்டோவின் விலகாசி தெருவில் ஏற்கெனவே ஆட்டக்குழுக்கள் வாசித்துப் பிழைக்கின்றன. அங்கே தனிக்கடை விரிக்காமல் அவர்களோடு ஒரு பாட்டு சேர்ந்து வாசிக்கக் கேளுங்கள். கோடைக்காலப் பிற்பகல்களில் இடிமழை திடீரென இறங்கும். மேகம் கறுத்ததும் தோல் வாத்தியத்தைக் கட்டிவிடுங்கள்.

கேப் டவுனில் காலநிலை தலைகீழ்: குளிர்காலத்தில் மழை, கோடையில் தென்கிழக்குக் காற்று. வேலை நாட்களில் மதியம் 12 முதல் 2 வரை செயின்ட் ஜார்ஜ்ஸ் மாலிலும் கிரீன்மார்க்கெட் சதுக்கத்திலும் அலுவலகக் கூட்டம் வரும். சதுக்கத்து வியாபாரிகள் பலர் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், பறையை எடுத்துத் தட்டிப் பார்க்கக் கேட்பார்கள். கொடுங்கள். வி அண்ட் ஏ வாட்டர்ஃபிரண்ட் தனியார் வளாகம். தேர்வு வைத்து, இடமும் நேரமும் ஒதுக்குகிறார்கள். தேர்வுக்குப் போகும்போது மூன்று நிமிடத்தில் முடியும் ஒரே உருப்படியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு போங்கள்.

மக்காண்டா சின்ன ஊர், முன்பு கிரஹாம்ஸ்டவுன். 1974 முதல் தேசியக் கலை விழா அங்கே நடக்கிறது, ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் முடியும். விழா நாட்களில் ஊரே கலை பார்க்க வந்தவர்களால் நிறைந்திருக்கும். புதிய வாத்தியம் என்றால் நின்று கேட்டு, கேள்வி கேட்கிற கூட்டம். கடுங்குளிர். குளிரில் குழலின் சுருதி இறங்கும், அதனால் கைபேசித் தம்பூராவை முதலில் வைத்துவிட்டுக் குழலைத் தேடாதீர்கள். இரண்டு நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகு, குழல் நிற்கிற இடத்துக்குத் தம்பூராவைக் கொண்டு வாருங்கள். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை தாளக்காரர்களுக்குப் பெரிய உதவி.

வாசித்து முடித்த பின்

சீவாளியைத் துடைத்துக் காயவிட்டு டப்பாவில் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ரவையை அன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள், டர்பன் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நின்ற இடத்தில் உங்கள் குப்பை, பிறர் குப்பை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அந்த மாமாவிடமும் பாபாவிடமும் போய், "இன்று சத்தம் அதிகமா?" என்று கேளுங்கள். அதிகம் என்று சொன்னால் அடுத்த வாரம் பத்து அடி தள்ளி நில்லுங்கள், இல்லையென்றால் வேறு வாத்தியம் கொண்டு வாருங்கள். "போன வாரம் வாசித்த அந்த மெட்டு எங்கே?" என்று அவர்கள் கேட்டால், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குங்கள்.